பிஸ்கட் ரின் காப்பாற்றித் தந்த ஒன்றேகால் வருடம்

2024 ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் எங்கள் டெர்மினலில் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு, சாவியை டிஸ்பாட்ச் யன்னலுக்குள்ளால் நீட்டினேன். அப்போது எனக்கு 63 வயதும் ஆறு மாதமும். ட்ரக் ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் யூனியன் அட்டையோடு சரக்கு ஓட்டத் தொடங்கி ஏறத்தாழ 28 வருடம் ஆகியிருந்தது. எல்லாரும் கைகொடுத்தார்கள். ஆனால் என் மனதில் ஒரே ஒரு விசயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: பென்சன் நிதியத்தின் கணக்கில் என்னுடைய இரண்டு வருடங்களைக் காணவில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளை வளர்த்தார்கள். அரசாங்க வேலையின் சம்பளத்தை நினைத்து அப்படிச் சொல்லவில்லை. கடைசி மட்டும் வரும் பென்சனை நினைத்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் ட்ரக் ஓட்டுகிறவனுக்கும் அப்படி ஒன்று கிடைக்கும் என்று 1996இல் ஒரு வயதான ஓட்டுநர் எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பென்சன் தானாக வீடு தேடி வராது என்பதை அவரும் சொல்லவில்லை, வேறு எவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யூனியன் பென்சன் உங்கள் கொம்பனியின் கையில் இருப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி பல கொம்பனிகள் ஒரே நிதியத்துக்குப் பணம் கட்டுகின்றன. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்படி அந்த நிதியத்தை நடத்தும் அறங்காவலர்களில் பாதிப்பேர் யூனியன் பக்கம், பாதிப்பேர் முதலாளிகள் பக்கம். ஆகவே ஒரு கொம்பனி மூடப்பட்டாலும், நீங்கள் உரிமை பெற்றுவிட்ட வருடங்கள் அழிந்துபோவதில்லை. என்னுடைய முதல் கொம்பனி 2002இல் மூடியது. 14 மாதம் சொந்த ட்ரக் ஓட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. பிறகு இன்னொரு யூனியன் கொம்பனியில் சேர்ந்தேன். இரண்டு கொம்பனியும் ஒரே நிதியத்துக்குத்தான் கட்டின. அதனால் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

2023 பெப்ரவரியில் நிதியத்துக்கு எழுதி, "இன்ன மாதம் விலகினால் எவ்வளவு வரும்" என்று மதிப்பீடு கேட்டேன். மூன்று கிழமையில் தடித்த உறை ஒன்று வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தோம். தொகையைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருக்க, மனைவி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அதில் வருடவாரியாக ஒரு பட்டியல்: இடப்பக்கம் ஆண்டு, நடுவில் மணி, வலப்பக்கம் சேர்ந்த வருடம். அவர் விரல் மேல் வரிசையில் நின்றது.

"இஞ்சேருங்கோ, தொண்ணூற்றாறிலயும் தொண்ணூற்றேழிலயும் நீங்கள் வேலை செய்யேல்லையோ?"

இரண்டு வருடத்துக்கும் நேரே சைபர். 1997இல்தான் எங்கள் மூத்தவள் பிறந்தாள். அவள் பிறந்த இரவு நான் பென்சில்வேனியாவில் பனிக்குள் நின்றேன். அந்த வருடத்துக்குச் சைபர்.

எங்கள் நிதியத்தின் விதிப்படி 62 வயது கடந்து, 25 வருடச் சேவையும் இருந்தால் வெட்டு இல்லாமல் முழுத்தொகை. 25க்குக் குறைந்தால், 65 வயதுக்கு முன்னர் எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பங்கு வெட்டுவார்கள். 2011இல் முதுகு அடிபட்டு வீட்டில் இருந்த எட்டு மாதம் கணக்கில் சேராது. அதையும் சொந்த ட்ரக் ஓட்டிய காலத்தையும் கழித்து, இந்தச் சைபர்களையும் வைத்துப் பார்த்தால் விலகும் நாளில் எனக்கு வருவது 24¼. முக்கால் வருடம் குறைவு. மாதம் 2,180 டொலர் என்று போட்டிருந்தார்கள். 25ஐத் தாண்டியிருந்தால் 2,500ஐக் கடந்திருக்கும்.

அந்தச் சைபர் எப்படி வந்தது? தமிழர்கள் எல்லாரும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்கும் இருந்தது. சோசல் செக்கியூரிட்டி என்னும் அரச சமூகப் பாதுகாப்பு அட்டையில் அப்படியே பதிந்தார்கள். முதல் கொம்பனியில் வேலைக்கு எழுதிய பெண், கூப்பிடும் பெயர் எது என்று கேட்டு அதை முதற்பெயராகப் போட்டார். நீளமான அப்பா பெயர் கட்டத்துக்குள் கொள்ளாமல் பாதியில் அறுந்தது. போதாக்குறைக்கு சோசல் செக்கியூரிட்டி இலக்கத்தில் இரண்டு எண் இடம்மாறிவிட்டது. 1998இல் வரிக்காரர் அதைக் கண்டுபிடிக்க, சம்பளப் பிரிவில் திருத்தினார்கள். பென்சன் நிதியத்துக்கு எவரும் அறிவிக்கவில்லை. அந்த இரண்டு வருடப் பணமும் நிதியத்துக்குப் போயிருக்கிறது, ஆனால் நான் அல்லாத யாரோ ஒருவரின் பெயரில்.

இதில் என் பிழையும் உண்டு. நிதியம் இடைக்கிடை அறிக்கை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நான் கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்த்துவிட்டு லாச்சிக்குள் போட்டேன். 2003இலேயே அந்த மேல் வரிசையைப் பார்த்திருந்தால், மூடிய கொம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவர்கள் அப்போது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தார்கள்.

நிதியத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "எங்களிடம் பதிவு இல்லை, உங்களிடம் ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள்" என்றார்கள். 26 வருடத்துக்கு முந்திய ஆதாரம். மனைவி ஒன்றும் பேசாமல் நிலவறைக்குப் போய், நீலநிற பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மூடி துருவேறி இறுகியிருந்ததால் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய சம்பளத் துண்டுகள், மாதம் மாதமாக. பட்டி காய்ந்து துண்டுகளோடு ஒட்டிப்போயிருந்தது. வந்த புதிதில் வீட்டு வாடகைக்குச் சம்பள ஆதாரம் கேட்டார்களாம், அன்றிலிருந்து எதையும் எறியாமல் சேர்த்தாராம். மை மங்கியிருந்தாலும் வேலை செய்த மணியும், யூனியன் சந்தா கழித்த வரியும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. அந்தச் சந்தா வரிதான் எனக்குப் பெரிய சாட்சி. யூனியன் வேலையாக இல்லாவிட்டால் சந்தா கழிக்க மாட்டார்கள்.

ரின்னில் எல்லா மாதமும் இருக்கவில்லை. மிச்சத்துக்கு சோசல் செக்கியூரிட்டி நிர்வாகத்திடம் போனேன். எஸ்எஸ்ஏ-7050 என்று ஒரு படிவம் உண்டு. கட்டணம் கட்டி அதை அனுப்பினால், எந்த வருடம் எந்த முதலாளி எவ்வளவு சம்பளம் கொடுத்தார் என்று பிரித்து எழுதித் தருவார்கள். இணையக் கணக்கில் இலவசமாகப் பார்க்கும் பட்டியலில் வருடத்தின் மொத்தம்தான் வரும், முதலாளியின் பெயர் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். மூடிப்போன கொம்பனியில் வேலை செய்த எவருக்கும் இந்தப் படிவம்தான் கைகொடுக்கும். யூனியன் உள்ளூர்க் கிளையிலும் கேட்டேன். சந்தாப் பதிவேட்டில் 1996 ஒக்டோபரிலிருந்து என் அட்டை இலக்கம் இருந்தது. அதற்கு ஒரு கடிதம் தந்தார்கள்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பினேன். மூலப்பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். தொலைபேசியில் பேசிய ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், பேசியவரின் பெயர், சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். பிறகு "இன்று நாம் பேசியதன்படி" என்று தொடங்கி ஒரு சிறிய கடிதமும் போட்டேன். வாயால் சொன்னதற்கு அங்கே பெறுமதி இல்லை. பேசுகிற பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் அடுத்த தடவை வேறொருவர் எடுப்பார்.

2024 ஜனவரியில் முறையான விண்ணப்பத்தைப் போட்டேன். விலகுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னரே போடுவது நல்லது. கேட்ட ஆவணங்கள்: இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சோசல் செக்கியூரிட்டி அட்டைகள், வங்கி விபரம், வரி கழிப்பதற்கான டபிள்யூ-4பி படிவம். முன்பு விவாகரத்து ஆனவர்களிடம் நீதிமன்றத் தீர்ப்பையும் கேட்பார்கள், பழைய துணைக்குப் பென்சனில் பங்கு இருக்கலாம் என்பதற்காக. எங்களுக்குச் சிக்கல் திருமணச் சான்றிதழில் வந்தது. நாங்கள் எழுத்து எழுதியது, அதாவது திருமணத்தைப் பதிந்தது, ஒரு வருடம், தாலி கட்டியது அடுத்த வருடம். முந்தைய படிவங்களில் தாலி கட்டிய நாளைப் போட்டிருந்தேன், சான்றிதழில் எழுத்து எழுதிய நாள். சட்டத்துக்கு எழுத்துத்தான் கல்யாணம். தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழை உறுதிமொழியோடு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். முன்னும் பின்னுமாக இருந்த பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் சத்தியக்கூற்றும் முடித்துக் கொடுத்தேன். உங்கள் பெயர் இரண்டு விதமாக இருந்தால் இந்தச் சத்தியக்கூற்றை இப்போதே செய்து வையுங்கள்.

அடுத்தது, இந்த முழு விசயத்திலும் மிகப் பெரிய முடிவு. ஒரு கையெழுத்து.

மணமானவர்களுக்குச் சட்டம் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், உங்கள் மாதத் தொகையைக் கொஞ்சம் குறைத்து, நீங்கள் போன பிறகு குறைந்தது பாதியைத் துணைக்கு ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள். 75 வீதம் கொடுக்கும் தெரிவும் இருக்கும். உங்கள் ஆயுளோடு முடியும் பெரிய தொகைதான் வேண்டும் என்றால், துணை சம்மதித்து நோட்டரி முன்னோ நிதியத்தின் ஆள் முன்னோ கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு நிதியம் திருத்திய கணக்கில் (அதைக் கீழே சொல்கிறேன்) என்னுடைய எண்கள் இவை: என்னோடு முடிந்தால் 2,519 டொலர். பாதி மனைவிக்கு என்றால் எனக்கு 2,292, எனக்குப் பின் அவருக்கு 1,146. முக்கால் பங்கு என்றால் எனக்கு 2,190, அவருக்கு 1,642.

டெர்மினலில் பலபேர் முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். "உழைத்தது நீ, முழுசாய் எடு" என்றார்கள். எனக்கு முன்னால் இளைப்பாறிய ஒரு நண்பர் அப்படித்தான் செய்தார். மனைவி ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். இரண்டு வருடம் ஆகவில்லை, நண்பர் மாரடைப்பில் போய்விட்டார். அந்த மாதத்தோடு பென்சன் நின்றது. செத்த வீட்டுக்குப் போனபோது அந்த அக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, நான் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

அதனால் நான் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் தமிழில் மனைவிக்குச் சொன்னேன். தொகைகளை ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி, "நீரே சொல்லும்" என்றேன். அவர் 75 வீதத்தைக் காட்டினார். இருபத்தெட்டு வருடம் நான் இரவில் ஓட, பகலில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தவர் அவர். மாதம் 329 டொலர் குறைகிறதே என்று எனக்கு இன்றுவரை கவலை வந்ததில்லை. எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். துணைக்குச் சொந்தப் பென்சன் இருந்தால், அல்லது அவர் கடும் நோயாளியாக இருந்தால், கணக்கு மாறும். சில நிதியங்களில், துணை முந்திப் போனால் உங்கள் தொகை பழையபடி உயரும் ஏற்பாடும் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஆனால் துணைக்கு விளங்காத தாளில் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். விளக்கத் தாள் வந்த பிறகு யோசிக்க 30 நாள் தருவார்கள். பென்சன் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் அந்தத் தெரிவை மாற்ற முடியாது.

ஏப்ரல் நடுவில் முடிவு வந்தது: 24¼ வருடம். அனுப்பிய ஆதாரங்களைப் பற்றி ஒரு வரி, "போதாது" என்று. கூட வேலை செய்த ஒருவர், "விடு அண்ணை, அவங்களோட சண்டை பிடிக்கேலாது" என்றார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததை அவர் வாசிக்கவில்லை. விண்ணப்பத்தை மறுத்தால் அல்லது குறைத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேன்முறையீட்டுக்குக் குறைந்தது 60 நாள் தர வேண்டும், நம்மைப் பற்றிய கோப்பின் பிரதியைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். 1974ஆம் ஆண்டில் வந்த எரிசா என்ற பென்சன் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை இது. கோப்பைக் கேட்டேன். தொழில் திணைக்களத்தின் கீழ் ஊழியர் நலன் பாதுகாப்பு நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆலோசகர்கள் காசு வாங்காமல் வழி சொல்வார்கள். என்னோடு பேசியவர் தந்த யோசனை ஒன்றுதான் எல்லாவற்றையும் திருப்பியது: "அந்தப் பிழையான இலக்கத்தின் கீழ் ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று தேடச் சொல்லி எழுதுங்கள்."

பழைய சம்பளத் துண்டில் இடம்மாறிய எண்களோடு அந்த இலக்கம் அச்சாகியிருந்தது. அதை வட்டமிட்டு, எஸ்எஸ்ஏ விபரத்தையும் கிளையின் கடிதத்தையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அறங்காவலர் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கூட்டத்துக்கு முந்திய 30 நாளுக்குள் போய்ச் சேரும் மேன்முறையீட்டை அடுத்த கூட்டத்துக்குத் தள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. என்னுடையது மூன்று கிழமை முன்னர்தான் போய்ச் சேர்ந்தது, தள்ளிவிட்டார்கள். பத்து நாள் முந்தி அனுப்பியிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். இதற்கிடையில் சர்ச்சை இல்லாத தொகையை மே மாதத்திலிருந்து தந்தார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. பிழையான இலக்கத்தின் கீழ், என் பெயரின் அறுந்த பாதியோடு, பணம் கட்டிய பதிவு இருந்ததாம். 1997 முழுதும், 1996இன் கடைசி மூன்று மாதமும் தந்தார்கள். 1996 ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தற்காலிக ஆளாக ஓடிய காலத்துக்குக் கொம்பனி பணமே கட்டியிருக்கவில்லை, அது கிடைக்கவில்லை. ஒன்றேகால் வருடம் சேர்ந்து 25½. வெட்டு நீங்கியது. மே மாதத்திலிருந்து வரவேண்டிய மிச்சமும் ஒன்றாக வந்தது.

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவக் காப்புறுதியைக் கணக்குப் பார்த்துத்தான் விலகும் மாதத்தைத் தெரிந்தேன். கோப்ரா சட்டத்தின்படி, வேலையிலிருந்த காப்புறுதியைச் சொந்தக் காசில் 18 மாதம் தொடரலாம். முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி மெடிகேர் 65 வயதில்தான். ஆகவே 63½க்கு முன்னர் இறங்கினால் நடுவில் ஓட்டை விழும். கோப்ரா மலிவு அல்ல, அதற்கென்று தனியாகச் சேமித்திருந்தோம். சோசல் செக்கியூரிட்டி தரும் அரச ஓய்வூதியத்தை 1960இலும் பிறகும் பிறந்தவர்கள் 62இல் எடுத்தால் 30 வீதம் குறையும், முழுத்தொகை 67இல். நான் பொறுத்திருக்கிறேன். யூனியனில் விலகல் அட்டை எடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சந்தா ஏறிக்கொண்டிருக்கும்.

இளைப்பாறிய பிறகு திரும்ப ஓடுவது பற்றி. நான் இறங்கி இரண்டு மாதத்தில் ஒருவர், கிழமைக்கு இரண்டு நாள் கொள்கலன் இழுக்கக் கூப்பிட்டார். கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் அதே தொழிலில், அதே வேலையில், அதே பகுதியில் மாதம் 40 மணியோ கூடவோ வேலை செய்தால் நிதியம் அந்த மாதப் பென்சனை நிறுத்தலாம். சாதாரண ஓய்வு வயதுக்கு முன் இறங்கியவர்களுக்கு இன்னும் இறுக்கமான விதி இருக்கலாம். நான் நிதியத்துக்கு எழுதிக் கேட்டேன். கூடாது என்று எழுத்தில் பதில் வந்தது. கேளாமல் ஏறி, வாங்கிய பென்சனைத் திருப்பிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

நிதியம் வருடாவருடம் அனுப்பும் நிதிநிலை அறிவித்தலையும் வாசியுங்கள். டீம்ஸ்டர்ஸ் யூனியன் ஆட்களின் இன்னொரு பெரிய நிதியமான சென்ட்ரல் ஸ்டேட்ஸ் பென்சன் நிதியம் 2015இல் ஓய்வுபெற்றவர்களின் தொகையை வெட்ட விண்ணப்பித்தது. 2016 மேயில் திறைசேரி அதை மறுத்தது. நொடித்த நிதியங்களுக்கு உதவ 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, 2022 டிசம்பரில் ஏறத்தாழ 36 பில்லியன் டொலர் அரச உதவி அறிவிக்கப்பட்டதால்தான் அந்த மனிதர்களின் பென்சன் தப்பியது. ஒரு நிதியம் முற்றாக விழுந்தால், பென்சன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தரும் உத்தரவாதம் 30 வருடச் சேவைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 12,870 டொலர் மட்டும்.

போன மாதம், எங்கள் டெர்மினலில் இன்னும் ஓடும் தம்பி ஒருவர் தன் அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். நாலரை வருடமாயிற்று, சொந்த ட்ரக் எடுக்கப் போகிறேன் என்றார். பென்சனுக்கான உரிமை முழுதாவது ஐந்து சேவை வருடத்தில், அதற்கு முன் இறங்கினால் எல்லாம் போகலாம் என்று சொல்லிவிட்டு மேல் வரிசையைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு நேரே 940 மணி என்று இருந்தது. ஒரு சேவை வருடத்துக்கு 1,000 மணி வேண்டும். அந்த வருடம் சம்பளத்தோடு லீவு எடுத்தீரா என்று கேட்டேன். இரண்டு கிழமை என்றார். சம்பளம் தந்த லீவு மணியும் சேர வேண்டும். எண்பது மணி. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்க, நிதியத்துக்குக் கடிதத்தை அந்த மேசையிலேயே எழுதினோம். சம்பளத் துண்டு ஒன்றையும் எறியாதையுங்கோ தம்பி என்று அவர்தான் வாசல் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.